முகூர்த்தம் தள்ளிப்போன வருஷம்

2001 டிசம்பர் 10
பீங்கான் கம்பெனியில் இன்று நாட்டியக்காரி பொம்மைகளுக்குக் கண் எழுதினேன். ஒன்றுகூட மாறுகண் இல்லை! தை மாதம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பழமலை, வேப்பூர்க்காரர், பட்டாளத்தில் இருக்கிறார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

டிசம்பர் 14
நேற்று டில்லியில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே துப்பாக்கியோடு புகுந்துவிட்டார்கள். காவல் நின்றவர்கள் செத்துப்போனார்கள். ரத்தம் கொதிக்கிறது. “சும்மா வுடக் கூடாது” என்று நானும்தான் சொன்னேன்.

டிசம்பர் 27
கம்பெனி போனுக்கு அவர் கூப்பிட்டார். லீவு ரத்து. படையே எல்லைக்குப் போகுதாம். “எப்ப வருவேன்னு தெரியல வேலு. மன்னிச்சிடு” என்றார் என்னிடம்.
அவர் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?

2002 ஜனவரி 5
பஸ், ரயில், விமானம் — பாகிஸ்தானோடு எல்லாம் நிறுத்தியாச்சாம். டீக்கடையில் எல்லாரும் “அடிச்சிடணும்” என்கிறார்கள். கொடுக்காத கல்யாணப் பத்திரிகைகளை அப்பா பரண்மேல் போட்டுவிட்டார்.

ஜனவரி 16, காணும் பொங்கல்
தெருப் பட்டிமன்றம். ‘எல்லை தாண்டி அடிப்பதா, பேசிப் பார்ப்பதா?’ பட்டாளத்து மாப்பிள்ளைக்கு நிச்சயமானவள் என்று என்னை ‘அடிப்பதே’ அணியில் போட்டுவிட்டார்கள். மேடை ஏறும்போதே கைதட்டல். மனப்பாடம் பண்ணினது ஒன்றும் வரவில்லை.
“எனக்கும் கோவம் இருக்குது. செத்தவங்களுக்கு நியாயம் வேணும். ஆனா அடின்னு நாம இங்க கத்தினா, அங்க நிக்கப் போறது நாம இல்லீங்க. எனக்குத் தாலி கட்ட வேண்டியவரு நிக்கறாரு. வேற வழியெல்லாம் பாத்தாச்சான்னு முதல்ல கேளுங்க.”
“அணி மாறிட்டியே!” என்று ஒருவர் கத்தினார். என்னோடு வேலை செய்யும் கனகா எழுந்து, “அவ மாறினா மாறட்டும், மாப்பிள்ளைய வரச் சொல்லுங்கய்யா!” என்றாளே பார்க்கலாம் — ஒரே சிரிப்பு.
நடுவர் தேவநாதன் ஐயா தீர்ப்பு சொன்னார்: “டில்லி என்ன முடிவு பண்ணுமோ தெரியாது. நம்ம தெரு முடிவு, அந்தப் புள்ள நல்லபடியா வரணும்.” அப்போது விழுந்த கைதட்டல் முதலில் விழுந்ததைவிடப் பெரிசு.

மே 20
காஷ்மீரில் பட்டாளக்காரர்களின் பெண்டாட்டி பிள்ளைகளையே சுட்டுவிட்டார்கள். மறுபடி போர்ப் பேச்சு. யார்மேல் கோபப்படுவது, யாருக்குப் பயப்படுவது? அவரிடமிருந்து போன் இல்லை. சோறு இறங்கல.

ஜூன் 12
போன்! “இருக்கேன்.” அது போதும். அம்மாவிடம் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 17
படையைத் திரும்பக் கூப்பிடுகிறார்களாம்! பேப்பரைத் தூக்கிக்கொண்டு கனகா கத்திக்கொண்டே ஓடிவந்தாள். நான் துள்ளினதில் ஒரு கிருஷ்ணருக்குப் புருவம் உச்சந்தலைக்கே ஏறிவிட்டது. முதலாளிகூடத் திட்டவில்லை.

நவம்பர் 22
எங்க ஊர் ரயில் ஜங்ஷனில் இறங்கினார். கறுத்து, மெலிந்து, பல் மட்டும் வெள்ளையாக. முதல் பேச்சே, “மேடையில என்னை ஏலம் வுட்டியாமே?”
“யாரும் கேக்கல. அதான் நானே வச்சிக்கிட்டேன்” என்றேன். அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்க.

டிசம்பர் 4, வேப்பூர்
ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் ஆயிற்று. மத்தியானம். அவர் பாய் முழுக்கக் கை காலைப் பரப்பித் தூங்குகிறார். வாசலுக்கு எதிரே ஹைவேயில் லாரி லாரியாக ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது — அவர் அசையவில்லை.
“எழுப்பிடாதம்மா” என்கிறார் மாமியார்.
நானா எழுப்புவேன்?