தேயாத பிரேக் பேட்

மே 3, சனி

காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், பதில் கேம்பர் வண்டியின் அடியிலிருந்து வருகிறது. "பிரேக் பேட் மாத்தாம இதை நான் ரோட்டுக்கு எடுக்க மாட்டேன்." என் கணவன் ரெய்ண்டெர் ஒரு வாரமாகப் பாடும் பாட்டு இது.

மாதக் கடைசியில் மகள் ஈல்கேவுக்குப் பிரசவம். அவள் இருப்பது டிரோலில், மலைக்கு அந்தப் பக்கம். நாங்கள் கடலோரச் சமதரையான ஃப்ரீஸ்லாந்தில். அவள் வீட்டில் இருப்பதே ஒரு அறை. அதனால் வாசலில் வண்டியை நிறுத்தி, அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, ஒரு மாதம் கூட இருப்பது என்று கிறிஸ்துமஸுக்கே பேசி முடித்தாயிற்று. போன மாதம்தான் வருடாந்திரப் பரிசோதனையில் வண்டி தேறியது. அப்புறம் என்ன இவனுக்கு?

மே 6

கராஜில் மெக்கானிக் ஹிட்டே சக்கர இடுக்கில் விளக்கடித்துப் பார்த்தான். "பாதிக்கு மேல இருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும். சும்மா எதுக்கு மாத்தறீங்க?" எனக்கு மனசு குளிர்ந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் ரெய்ண்டெர்: "அவன் சக்கரத்தைக் கழட்டக்கூட இல்ல. விளக்கடிச்சா போதுமா?" மாற்றியே தீருவதென்றால் ஜூன் நடுவில்தான் கராஜில் இடமாம். விடுமுறைக்கு முன் ஊரே அங்கேதான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஜூன் நடுவில்! குழந்தை அதுவரைக்கும் உள்ளேயே உட்கார்ந்திருக்குமா?

மே 7

நான் சமையலறையில் சாப்பிட்டேன். அவன் வண்டியில் சாப்பிட்டான். உருளைக்கிழங்கு மிஞ்சிவிட்டது.

மே 10

அவன் பிறந்தநாள். வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். வந்தவர்கள் அவனுக்கும், அவனைக் கட்டிக்கொண்டதற்காக எனக்கும், வட்டத்தில் உள்ள எல்லாருக்கும் கை கொடுத்து வாழ்த்திவிட்டு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்துவிட்டால் அசைய முடியாது, பேச மட்டும்தான் முடியும். பிரேக் பேட் வட்டத்தை மூன்று சுற்று சுற்றியது. மாற்று என்றார்கள். மாற்றாதே என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஜெர்மனியில் வாங்கச் சொன்னார்.

அப்போதுதான் அவன் தம்பி யெல்லே: "நம்ம ஊர்ல மேடுன்னா பாலம் ஒண்ணுதான். உனக்கு எதுக்குண்ணே பிரேக்? காலைத் தொங்கவிட்டாலே வண்டி நின்னுடும்!"

எல்லாரும் சிரித்தார்கள். ரெய்ண்டெர் காபி கொண்டுவருவதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போனவன் திரும்பவே இல்லை. காபியை நான்தான் ஊற்றினேன். மானம் போயிற்று.

மே 12

ரெய்ண்டெரைப் பக்கத்தில் உட்கார வைத்து நானே வண்டியை எடுத்தேன். கடலைத் தடுக்கும் மண்கரை மேல் போகும் சாலையில் வேகமாக ஓட்டி, ஓங்கி மிதித்தேன். கீச்சென்று ஒரு சத்தம். நின்றது. ஆடுகள் திரும்பிப் பார்த்தன.

"நல்லாத்தானே நிக்குது?"

"சமதரையில எதுதான் நிக்காது?"

"உன் பொண்ணைப் பாக்க வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லேன்! ஏன் பிரேக் மேல பழி போடற?"

அவன் முகம் வெளிறிப் போயிற்று. வீடு வந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அதிகமாகப் பேசிவிட்டேனா? இல்லை. இன்னும் பேசியிருக்க வேண்டும்.

மே 14

ஈல்கே போன் செய்தாள். "அம்மா, வருவீங்களா மாட்டீங்களா? இவருக்கும் லீவு இல்லையாம். வரலைன்னா சொல்லிடு, வேற யாரையாவது பாத்துக்கறேன்." வேறு யாரையாவது! இதைக் கேட்கவா நான் இருக்கிறேன்?

நான் மட்டும் ரயிலில் போகிறேன் என்று ரெய்ண்டெரிடம் சொல்லிவிட்டேன். தடுக்கவில்லை. அதுதான் எரிகிறது.

மே 15

காலையில் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான்.

செப்டம்பரில் ஈல்கேவைப் பார்க்கப் போனபோது நடந்ததாம். கணவாயில் இறங்கும்போது நான் பக்கத்து இருக்கையில் தூங்கிவிட்டேன். இவன் கியரைக் குறைக்காமல், உச்சியிலிருந்தே பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல் இறங்கியிருக்கிறான். பாலத்தைத் தவிர மேடு தெரியாதவனுக்கு வேறென்ன தோன்றும்? பாதி வழியில் புகை. மிதி மெத்தென்று அமுங்கித் தரையைத் தொட்டுவிட்டது. வண்டி நிற்கவில்லை. கைபிரேக்கை இழுத்து இழுத்து, வண்டிகள் ஒதுங்கும் இடத்துச் சரளையில் ஏற்றி நிறுத்தியிருக்கிறான்.

நான் கண் விழித்தது அங்கேதான். ஒரே கருகல் நாற்றம். "முன்னாடி போன லாரி," என்றான். கையில் சீஸ் ரொட்டியை வைத்துக்கொண்டு, கடிக்காமல், ஒரு மணி நேரம் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நின்றான். இவனுக்குக்கூட இயற்கை பிடிக்கிறதே என்று நான் போட்டோ வேறு எடுத்தேன். வரவேற்பறையில் மாட்டியிருக்கிறேன் அதை! ஆறியதும் பிரேக் பிடித்தது, ஈல்கே வீட்டுக்கும் போய், வீடும் வந்து சேர்ந்தோம்.

"நீ தூங்கிட்டிருந்த, ஃபெம்கே. வாயைத் திறந்துட்டு. உன்னை எழுப்பக்கூட…"

எட்டு மாசம் வயித்துக்குள்ளேயே வச்சிருந்தியாடா பாவி — கத்தினேன். அப்புறம் அழுதேன். கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அடுக்கிய துணியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

மே 16

இருவரும் ஹிட்டேயிடம் போனோம். கதையை ரெய்ண்டெரே சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு. ஹிட்டே இந்த முறை சக்கரத்தைக் கழற்றினான். பேட்டை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தான். தடிமன் இருக்கிறது. ஆனால் தேயும் பக்கம் வெந்து, இறுகி, கண்ணாடியாகப் பளபளக்கிறது.

"இதை வச்சுட்டு மலையில இறங்கக் கூடாது. பிரேக் ஆயிலும் கொதிச்சிருக்கும். முதல்லயே சொல்றதுக்கென்ன?" திங்களன்று மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு இரண்டையும் மாற்றித் தருகிறானாம்.

ஆக, இவன் சொன்னது சரி. சொல்லாததுதான் தப்பு. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

மே 22, வியாழன்

கணவாய். உச்சியிலிருந்து நான் ஓட்டினேன், இரண்டாவது கியரில், இன்ஜின் உறும உறும. ரெய்ண்டெர் கதவுக் கைப்பிடியைப் பிடித்த பிடியை விடவில்லை. அந்தச் சரளை இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னான்.

இறங்கிப் போய் முன்சக்கரத்தின் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனான். கொஞ்சம் பொறுத்து, சக்கரத்தின் மேலேயே வைத்தான்.

"சுடல, ஃபெம்கே." மறுபக்கமும் போய்த் தொட்டுப் பார்த்தான். சீஸ் ரொட்டியை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே முழுதும் தின்றான். பிறகு சாவிக்குக் கையை நீட்டினான்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. வண்டி இறங்கிக்கொண்டிருக்கிறது, இரண்டாவது கியரில். நான் தூங்கவில்லை. ஈல்கேவுக்கு இன்னும் வலி எடுக்கவில்லையாம். பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன் அடிக்கிறான். அடிக்கட்டும்.