மாப்பிள்ளைக்குப் பதில் ஓர் இடக்கைக்காரர்

1968 ஜனவரி 17, புதன்

பனி. எட்டு மணிக்கும் எதிர்வீடு தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் கோர்ட்டில் நேற்றுப் போட்ட சுண்ணாம்புக் கோடு கோணல். செயலாளர் கோவிந்தப்பா, "கண்ணுக்குத் தெரியாதும்மா" என்றார். எனக்குத் தெரிகிறதே. அழித்துப் போடச் சொன்னேன். கான்வென்டில் தையல் ஒரு நூல் விலகினாலும் முழுதையும் பிரிக்க வைப்பார்கள்.

பூப்பந்து லீக் பாதி முடிந்தது. ஆறு ஊர். ஒவ்வோர் ஊரோடும் இரண்டு ஆட்டம், இங்கே ஒன்று, அங்கே ஒன்று. இதுவரை ஐந்தில் நான்கு ஜெயம். காவேரிப்பட்டினமும் நான்கு. போன மூன்று வருடமும் எங்கள் ஓசூர் இரண்டாம் இடம். இடம் கொடுத்தவள் என்று என்னைப் பிரசிடெண்ட் ஆக்கினார்கள். இரண்டாம் இடத்துக்கே பிரசிடெண்டாக இருந்து சாக எனக்கு இஷ்டமில்லை.

மத்தியானம் நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு பாயிண்டும் யாரால் போயிற்று என்று ஆட்டத்தின்போதே பென்சிலால் குறிப்பேன். கண்டது:

– பின்வரிசை: தேவராஜ். நல்ல கை. வருகிற பந்தையெல்லாம் அடிக்கிற அவசரம்.
– நடு: பரவாயில்லை.
– வலை ஓரம், இடது பக்கம்: ஓட்டை. பாதிப் பாயிண்ட் இங்கேதான் போகிறது.

இடது பக்கம் ஆடுவது சூசைராஜ். என் மாப்பிள்ளை.

நோட்டை மூடிவிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

ஜனவரி 18, வியாழன்

கோவிந்தப்பா சைக்கிள் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். செய்தி: காவேரிப்பட்டினத்து இடக்கைக்காரர் முனிரத்தினம் இங்கே பட்டுப்பூச்சி ஆபீசுக்கு மாற்றலாகி வந்திருக்கிறார். இங்கிருந்து போய்ப் பயிற்சி செய்ய முடியவில்லை. நமக்கு ஆடத் தயார்.

லீக் விதி: சீசன் நடுவே மாறுகிறவர் பிறந்த ஊர், வேலை பார்க்கும் ஊர், இரண்டில் ஒன்றுக்குத்தான் ஆடலாம்; சீசன் தொடங்குமுன் என்றால் இரண்டு பிரசிடெண்டும் பேசி யாரையும் மாற்றிக்கொள்ளலாம். ஊர் மாற சீசன் நடுவே ஒரே ஒரு ஞாயிறு. ஆளுக்கு ஆள் கொடுத்துத்தான் வாங்கலாம். வருகிற ஞாயிறு அந்த ஞாயிறு.

பதிலுக்கு யாரைக் கேட்கிறார்கள் என்றேன். கோவிந்தப்பா உத்தரத்தைப் பார்த்தார், பிறகு பூனையைப் பார்த்தார்.

"அந்த ஊர்ல பொறந்தவரு நம்ம டீம்ல ஒருத்தருதானேம்மா."

"பேரைச் சொல்லுங்க."

"அதை நீங்க சொன்னாத்தாம்மா நல்லா இருக்கும்."

ஜனவரி 19, வெள்ளி

எப்படிச் சொல்வது. மகளுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம், நானும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. மரியாதை அது. அவர் கதவோரம் நின்று, "பிலோ, அத்தைக்கு பேப்பர் வேணுமா கேளு" என்பார். நான் உள்ளேயிருந்து, "படிச்சாச்சுன்னு சொல்லு" என்பேன். நடுவில் என் மகள் பிலோமினா. ஒரே வீட்டில் இரண்டு பாகம், ஒன்றில் நான், ஒன்றில் அவர்களும் குழந்தையும்; இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் வந்ததில்லை, இன்றுவரை.

பிலோமினாவைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டி விளக்கினேன். முழுதும் கேட்டாள்.

"பழந்துணிக்குப் பாத்திரம் மாத்தற மாதிரி என் புருசனை மாத்தப் போறீங்களா?"

பாத்திரம் என்று அவர்கள் ஆளைத்தானே சொல்கிறாய், அப்படியானால் லாபம் நமக்குத்தான் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. எழுந்து போய்விட்டாள். அரை மணி கழித்து வாசலில் நின்றபடி: அவர் சரி என்றாராம். ஒப்படைக்கும்போது கையில் வைக்கிற எலுமிச்சம்பழம் மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்கச் சொன்னாராம்.

கோபப்படுவார் என்று நான்கு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். வீண்.

ஜனவரி 21, ஞாயிறு

முதல் பூசை முடிந்து கிருஷ்ணகிரிக்கு பஸ். ஆள் மாற்றம் அங்கேதான். வழக்கப்படி பிரசிடெண்ட் தன் ஆளின் கையில் எலுமிச்சம்பழம் வைத்து, அந்தக் கையைப் பிடித்து எதிர் பிரசிடெண்டிடம் ஒப்படைக்க வேண்டும். மாப்பிள்ளையின் கையை நான் எப்படிப் பிடிப்பது. பழத்தைத் தட்டில் வைத்து நீட்டினேன். எடுத்துக்கொண்டார். காவேரிப்பட்டினத்துப் பிரசிடெண்டான மாங்காய் மண்டிக்காரர், "கண்ணு கலங்காம பாத்துக்கறோம்மா" என்றார். ஐந்து ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் மாப்பிள்ளையிடம் என் மகளைக் கொடுத்தேன். இன்று அவரையே கொடுத்தேன்.

பழம் முதல் தரம். நானே பொறுக்கியது.

ஜனவரி 28, ஞாயிறு

வெயில், நல்ல காற்று. தேன்கனிக்கோட்டை ஆட்கள் ஒரு மணி நேரம் தாமதம், சாலையில் யானையாம். முனிரத்தினம் அற்புதம். பந்து எந்தக் கையிலிருந்து வருகிறதென்று எதிராளிக்குப் புரிவதற்குள் புள்ளி நமக்கு. இடது பக்க ஓட்டை அடைந்தது. நோட்டில் அவர் பேருக்கு நேரே நான்கே கோடு.

பிலோவும் மாப்பிள்ளையும் காவேரிப்பட்டினம் போய் இருட்டுமுன் திரும்பினார்கள். அவர்களும் ஜெயம். நான் கேட்கவில்லை, அவளாகவே உரக்கச் சொன்னாள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

கல்லாவியில். ஜெயம். தூசி. கோவிந்தப்பா பஸ்ஸில் கன்னடத்தில் பாடிக்கொண்டே வந்தார். நிறுத்தச் சொல்லவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

தோல்வி. அதுவும் ராயக்கோட்டையிடம், கடைசி இடத்து ராயக்கோட்டையிடம். முனிரத்தினத்தின் மீது ஒரு குற்றமும் இல்லை. கோட்டுக்கு வெளியே போக வேண்டிய பந்தையெல்லாம் பின்வரிசை ஓடி ஓடி அடித்துக் கெடுத்தது. தேவராஜைக் கூப்பிட்டேன். தலையைக் குனிந்தபடி வந்தார்.

"வெளிய போறதை ஏன் அடிக்கிறீங்க?"

"வெளிய போவுதா உள்ள வுழுதான்னு எனக்கு எப்பவுமே தெரியாதுங்கம்மா. அண்ணாந்து பாத்தா வெயிலு. மாப்ளதான் முன்னாடி நின்னுக்கிட்டு, 'தேவராஜு, வுடு'ன்னு கத்துவாரு. வுட்டுருவேன்."

"நாலு வருஷமாவா?"

"நாலு வருசமாத்தானுங்க."

பிப்ரவரி 12, திங்கள்

பழைய நோட்டுகள் மூன்றையும் விரித்துப் பார்த்தேன். அடித்துக் கெட்ட பந்து யாருடையது என்று எல்லாம் இருக்கிறது. யாரும் தொடாமல் விட்டதால் கிடைத்த புள்ளிக்கு ஒரு பத்தியே இல்லை. பந்தைப் பார்த்துக் கத்துவதற்காகத் திரும்பித் திரும்பி நின்றதில்தான் மாப்பிள்ளை தன் பந்துகளை விட்டிருக்கிறார். நான் அதைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நேர்த்தியான கோடு வேறு.

இதை யாரிடமும் சொல்வதாக இல்லை.

சந்தையில் வாங்க: அவரைக்காய். துவரம்பருப்பு. வெள்ளைச் சட்டைத்துணி, பிலோவின் குழந்தைக்கு.

பிப்ரவரி 18, ஞாயிறு

கிருஷ்ணகிரியோடு, மயிரிழையில் ஜெயம். முனிரத்தினம் கத்திப் பழகுகிறார். தேவராஜுக்கு நம்பிக்கை வரவில்லை, கத்தினாலும் அடிக்கிறார். காவேரிப்பட்டினமும் ஓர் ஆட்டம் தோற்றிருக்கிறது. ஆக இருவரும் சமம். அடுத்த ஞாயிறு இங்கே அவர்களோடு கடைசி ஆட்டம். ஜெயித்தவருக்குக் கேடயம்.

கோயிலில் பிலோமினா மாதா முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் இரண்டு ஏற்றினேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

கோடு நேர். பந்து புதிது. ஊரில் பாதி நம் பின்கட்டில். மதில் மேல்கூட ஆள். பிலோமினா வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் பெஞ்சில், மாங்காய் மண்டிக்காரர் வீட்டம்மாவோடு.

முதல் செட் நமக்கு. இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில் அவர்கள் 28, நாம் 27, சர்வீஸ் அவர்களுடையது; 29 எடுத்தால் முடிந்தது. பென்சிலைக் கடித்துவிட்டேன். அவர்கள் பின்வரிசை ஆள் ஓங்கி அடித்த பந்து மேலே, மேலே, நம் தேவராஜின் தலைக்கு மேலே. வெளியே போகிற பந்து. வலைக்கு அந்தப் பக்கம் நின்ற மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்தார், பழக்கதோஷத்தில் தொண்டை கிழியக் கத்தினார்:

"தேவராஜு, வுடு!"

எதிராளி சொல்வதை யார் கேட்பார்கள். தேவராஜ் ஒரு நொடி தயங்கிப் பின்னால் பாய்ந்து அடித்தார். வலையில் விழுந்தது. 29.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவர்கள் ஆட்களே மாப்பிள்ளையைச் சூழ்ந்துகொண்டு, யார் பக்கம் ஆடுகிறாய் என்று பிடிபிடியென்று பிடித்தார்கள். அவர் தலையைச் சொறிந்தார். மண்டிக்காரர் சிரித்துச் சிரித்துத் துண்டால் கண்ணைத் துடைத்தார். தேவராஜ் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம மாப்ள பொய் சொல்ல மாட்டாருன்னு தெரியுங்கம்மா. தெரிஞ்சும் அடிச்சிட்டேன்."

உள்ளூர்ப் பிரசிடெண்ட் என்ற முறையில் கேடயத்தை நான்தான் கொடுத்தேன். முதுகை நிமிர்த்திக்கொண்டு கொடுத்தேன். பார்க்க வந்திருந்த மூன்றாம் இடத்துக்காரர்கள் கைதட்டியதில் ஒரு திருப்தி தெரிந்தது. பார்த்துக்கொண்டேன்.

பிப்ரவரி 26, திங்கள்

கேடயம் முதல் மாதம் ஜெயித்த அணியின் சிறந்த ஆட்டக்காரர் வீட்டில் இருப்பது வழக்கம். அவர்கள் ஒருமனதாகச் சூசைராஜுக்குக் கொடுத்துவிட்டார்கள். சூசைராஜின் வீடு என் வீடு. ஆக, மூன்று வருடமாக எந்தக் கேடயத்துக்கு ஏங்கினேனோ அது என் முன்னறையில், திருஇருதயப் படத்துக்குக் கீழே. பிலோமினா வைத்தது. படத்துக்கு நேராக வேண்டாம், பக்கத்தில் தள்ளி வை என்றேன்.

கோவிந்தப்பா வந்து கேடயத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். போகும்போது ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். அடிப்பக்கம் தூசி. துடைத்தேன், பொதுச் சுத்தம் கருதி.

பிப்ரவரி 28, விபூதிப் புதன்

எல்லார் நெற்றியிலும் சாம்பல். பிலோமினா கோயிலிலிருந்து இன்னும் திரும்பவில்லை. நான் புது நோட்டில் புதுப் பத்தி ஒன்றுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வாசலில் நின்றார். வழக்கம்போல் உள்ளே பார்த்தார், பிலோ இல்லை. போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. செருமினார்.

"அத்தே, முனிரத்தினம் நல்ல கைங்க. அவர விட்டுறாதீங்க."

நான்கு வருடத்தில் முதல் நேர்ப்பேச்சு, அதுவும் எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க. எழுந்து நின்றேன். பிறகு நானும் கேட்டேன்.

"அடுத்த வருஷம் உங்களைத் திரும்பக் கேட்டா, உங்க பிரசிடெண்ட் என்ன சொல்வார்?"

"நானே கேட்டாச்சுங்க. ரெண்டு பேரு வேணுமாம்."

யோசித்தேன். அதிகம் யோசிக்கவில்லை.

"தேவராஜைத் தர மாட்டேன். வேற எந்த ரெண்டு பேர்னாலும் சரி. அதுக்கு மேல கேட்டா கோவிந்தப்பாவையும் வெச்சுக்கச் சொல்லுங்க."