சேர்ந்ததும் ஒரு ரிங்

அக்கா,

பீரோவின் அடித்தட்டில் கலர் பென்சில் தேடிக்கொண்டிருந்த என் மகள் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, "அம்மா, இது என்ன, உடைஞ்ச மோதிரமா?" என்று கேட்டாள். மோதிரமில்லை. வெட்டி எடுத்த வெள்ளி மெட்டி. ஒரு பக்கம் பிளந்து, கோணலாகக் கிடந்தது. ஏழு வயசுக்காரியிடம் எவ்வளவுதான் சொல்ல முடியும்? "இதை வெட்டின அன்னிக்குத்தான் நீ பொறந்தே" என்றேன். அவள் அதைத் தன் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மிச்சத்தை உங்களுக்கு எழுதத் தோன்றியது. இப்போது மணி ஆறரை. ஏழு மணிக்குள் எனக்கு ஒரு மிஸ்டு கால் வர வேண்டும். அதுவரை சும்மா உட்கார என்னால் முடியாது, உங்களுக்கே தெரியும்.

நாம் பழகியதெல்லாம் பஸ்ஸில்தான். தேனாம்பேட்டையில் என் ஆபீசுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் நீங்கள் தரை துடைத்துக்கொண்டிருந்தீர்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஐந்தரை மணி பஸ்ஸில் நான் அடையாறில் இறங்கிவிடுவேன். நீங்கள் அங்கே பஸ் மாறிப் பெரும்பாக்கம் போக வேண்டும். ஆற்றோரத்து வீட்டை இடித்து உங்களை அங்கே அனுப்பியிருந்தார்கள். "வூடு குடுத்தாங்க, பஸ்ஸு குடுக்கல" என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

முதல் நாள் நினைவிருக்கிறதா? ஒரு ஆள் கூட்டத்தைச் சாக்காக வைத்து என் மேல் சாய்ந்துகொண்டே வந்தான். நான் ஹேண்ட்பேகை அணைத்துக்கொண்டு, நத்தை மாதிரி உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், பஸ் முழுக்கக் கேட்கும்படி: "இன்னா சார், ஒடம்பு முடியலியா? சாஞ்சுகினே வர்றியே! கண்டக்டரு, இவருக்கு ஒரு சீட்டு குடுப்பா, பாவம்!" அடுத்த ஸ்டாப்பிலேயே அவன் இறங்கிவிட்டான். நீங்கள் அவனை விட்டுவிட்டு என் மேல் பாய்ந்தீர்கள். "நீ ஏம்மா சுருங்குற? அவன் இல்ல சுருங்கணும்?"

அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டீர்கள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் உங்களுக்கு ஒரு ரிங் அடித்து நிறுத்திவிட வேண்டும். பேசக் கூடாது, எடுக்க மாட்டீர்கள். "நீ சேந்தேன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்." அடையாறு ஸ்டாப்பிலிருந்து என் வீடு எட்டு நிமிஷ நடை. அந்த எட்டு நிமிஷத்துக்கு நீங்கள் காவல் இருந்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் போக வேண்டியது ஒரு மணி நேரத்துக்கு மேல். கடைசிக் கொஞ்ச தூரம் தெருவிளக்கு எரியாத சாலை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். "நீங்களும் சேர்ந்ததும் அடிங்கக்கா" என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. வேண்டுமென்றே இல்லை. தோன்றவே இல்லை.

நான் முழுகாமல் இருந்தபோது உங்கள் கெடுபிடி தாங்கவில்லை. ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினால் திட்டு. பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட்டில் உட்கார்ந்தால் திட்டு, தூக்கித் தூக்கிப் போடுமாம். ஜன்னல் வழியாக உங்கள் சாப்பாட்டுப் பையை எறிந்து எனக்கு முன் சீட்டுப் பிடித்து, அதற்காக எத்தனை சண்டை! ஒரு முறை ரசம் ஒரு அம்மாவின் புடவையில் கொட்டி, அவரிடமும் நீங்களே கோபித்துக்கொண்டீர்கள். "புள்ளத்தாச்சி நிக்குது, நீ பொடவையப் பாத்துகினு கீற!"

எட்டாம் மாதம் என் கால் வீங்கியது. மாமியார், "எல்லாருக்கும் வீங்கறதுதான்" என்றார். மெட்டி இறுகியபோது சோப்பு போட்டுக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. அதற்கும் மாமியார், "மாசமா இருக்கறப்போ மெட்டியைக் கழட்டுவாங்களா?" என்றார். விட்டுவிட்டேன். மெட்டியை வெட்டிய அன்று காலையிலிருந்து தலைவலி. கம்ப்யூட்டரைப் பார்த்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் நீங்கள் கீழே விழுந்த சில்லறையை எடுக்கக் குனிந்தீர்கள். குனிந்தவர் நிமிரவில்லை.

"இன்னாம்மா இது? மெட்டிய விரலு முழுங்கிகினு கீது! தல நோவுதா?"

"லேசா, அக்கா."

"கண்ணுல பூச்சி பறக்குதா?"

பறந்தது. மதியத்திலிருந்து பறந்துகொண்டிருந்தது. யாரும் கேட்காததால் நானும் சொல்லவில்லை. "நாளைக்கு செக்கப் இருக்குக்கா, அப்போ கேட்டுக்கறேன்" என்றேன். உங்கள் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். "என் தங்கச்சியும் நாளைக்குன்னுதான் சொல்லிச்சி" என்றீர்கள். அவ்வளவுதான். விசில் அடிக்காத கண்டக்டரைத் திட்டி, பஸ்ஸை நிறுத்தி, நான் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கினீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாரும் பார்க்கிறார்களே என்று வெட்கம் வேறு.

நர்ஸ் பிரஷர் பார்த்தார். இன்னொரு கையிலும் பார்த்தார். பிறகு வேகமாக நடந்துபோய் டாக்டரைக் கூட்டிவந்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நகையெல்லாம் கழற்றச் சொன்னபோது மெட்டி மட்டும் வரவில்லை. சின்ன கட்டரால் வெட்டினார்கள். அந்த நேரம் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது நீங்கள். மகள் ஐந்து வாரம் முன்னதாகப் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். என் கணவர் வந்ததும் வெட்டிய மெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். எப்படி வீடு போனீர்கள் என்று அன்றும் நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வருஷம், அதே பஸ். அதே ஒரு ரிங்.

போன ஆடி மாதம் ஒரு வாரமாக நீங்கள் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தீர்கள். "வாளி தூக்கினது" என்றீர்கள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சோர்வாக இருக்கிறது என்றும் சொன்னீர்கள். நான் ஹேண்ட்பேகிலிருந்து தைலத்தை எடுத்து நீட்டினேன். "தேய்ச்சுக்கோங்க அக்கா, சரியாயிடும்." என் மாமியார் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள். என் கால் விரலைப் பார்த்து என் உயிரைப் படித்தவர் நீங்கள். உங்கள் முகத்தை ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்று மாலை நான் வழக்கம்போல ரிங் அடித்துவிட்டுச் சமைக்கப் போனேன். நீங்கள் பஸ் மாற இறங்கிய இடத்தில், சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தபடி போய்விட்டீர்கள். தூங்குகிறீர்கள் என்று ஜனங்கள் நினைத்தார்களாம். மூன்று மணி நேரம் கழித்துத்தான் ஒரு பூக்காரம்மா தொட்டுப் பார்த்திருக்கிறார். உங்கள் மகள் எனக்குப் போன் செய்து அழுதாள். "அம்மா போன்ல கடைசியா உங்க மிஸ்டு காலுதான்கா இருந்துச்சி."

நீங்கள் எனக்கு ரிங் அடிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்திருந்தால், அது வராதபோது நான் தேடியிருப்பேன். காப்பாற்றியிருப்பேனா, தெரியாது. ஆனால் நீங்கள் அந்த பெஞ்சில் தனியாக இருந்திருக்க மாட்டீர்கள். இதைத்தான் அக்கா, நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள் தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். உங்கள் நம்பர் இப்போது அவளிடம்தான். நானே போய் அவளிடம் சட்டம் போட்டேன்: வீட்டுக்குள் போனதும் ஒரு ரிங். வாரம் ஒரு தடவை பாதத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். "என் மூஞ்சியக் கூட யாரும் இவ்ளோ வாட்டி கேட்டதில்லக்கா" என்று சிரிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமைப் போட்டோவின் கீழே எழுதியிருந்தாள்: "மெட்டி லூசா சுத்துதுக்கா. பயப்படாதீங்க." பதிலுக்கு நானும் தினமும் ஒரு ரிங் அடிக்கிறேன். நீங்கதான் எனக்கு முன்னாலயே வூட்டுக்குப் போயிடறீங்களே, எதுக்கு என்று கேட்டாள். நானும் சேர்ந்தேன் என்று ஒருத்திக்காவது தெரிய வேண்டாமா என்றேன்.

ஏழு ஆகிவிட்டது. ஏழு பத்து. இருபது வரைக்கும் பார்ப்பேன், அதற்கு மேல் அவள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுவிடுவேன். என் மகள் மெட்டியை டப்பாவில் திரும்ப வைத்துவிட்டு, "யாருக்குமா காத்துக்கிட்டு இருக்கே?" என்கிறாள்.

போன் ஒரு தரம் அடித்து நின்றது. திரையில் உங்கள் பெயர். அதை நான் மாற்றவில்லை.

சேர்ந்துவிட்டாள், அக்கா.