டிஸ்சார்ஜ் என்று வந்த தந்தி

பொன்மலை வேலாயுதசாமி துணை

கிணத்துக்கடவு,
தாது வருஷம் ஆவணி மாதம் 11-ந் தேதி, புதன்கிழமை.

சிரஞ்சீவி தம்பிதுரைக்கு உன் அய்யன் பொங்கியண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் ஆத்தாளும், பிரசவத்துக்கு வந்திருக்கிற உன் தங்கை செல்லாத்தாளும் சாமி புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் சுகத்தைக் கேட்டு எழுதுகிற இடத்துக்கு வந்ததும் பேனா ஓடமாட்டேன் என்கிறது, காலையிலிருந்து மூன்று காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இரண்டு வரி எழுதினால் எழுந்து கிணற்றுமேடு வரைக்கும் போய்விட்டு வரத் தோன்றுகிறது. அதனால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை பருத்திக் காட்டில் உழவு ஓட்டிக்கொண்டிருந்தபோது உன் தந்தி வந்தது. தந்தி என்றதுமே உன் ஆத்தா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். ஏரை அப்படியே நிறுத்திவிட்டு, கால் மண்ணைக்கூடக் கழுவாமல் தபாலாபீசுக்குப் போனேன். போஸ்ட்மாஸ்டர் கோவிந்தராஜுலு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மொத்தம் நாலு வார்த்தை. டிஸ்சார்ஜ், புதன்கிழமை, கடிதம் பின்னால் வருகிறது, அவ்வளவுதான், கீழே உன் பெயர். டிஸ்சார்ஜ் என்றால் என்ன என்று கேட்டேன். "விட்டுட்டாங்கன்னு அர்த்தமுங்க கவுண்டரே" என்றார். எதிலிருந்து விட்டார்கள் என்றேன். "அது தந்தியில இல்லீங்களே" என்று காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். பிறகு யோசித்து, அஞ்சாறு வருஷத்துக்கு முன்னே உப்புச் சத்தியாக்கிரகத்தில் பிடிபட்டவர்களை விட்டபோது அவர் வேலை பார்த்த ஊருக்கு இதே வார்த்தையில் தந்தி வந்தது என்றும், உங்கள் பையன் ஏதாவது கேசில் மாட்டியிருந்தானா என்றும் கேட்டார். போன கடிதத்தில் அங்கே உன் பம்பாய் மில்லில் ஸ்டிரைக் பேச்சு நடக்கிறது என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து உன் ஆத்தாளிடம், நல்ல சமாச்சாரம்தான், லீவு விட்டிருக்கிறார்களாம் என்று சொல்லிவைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துக் கோயமுத்தூர் போய் உன் மாமன் வெள்ளியங்கிரியைப் பார்த்தேன். அவன்தான் அந்த ஊர் மில்லில் டைம் கீப்பராக இருக்கிறானே, தொழிற்சாலைப் பேச்சு தெரிந்தவன் என்று நினைத்தேன். தந்தியைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. "ஜெயிலும் இல்லை ஒண்ணும் இல்லைங்க மச்சான். எங்க மில்லுல டிஸ்சார்ஜ் ஆர்டர்னா வேலையை விட்டு நிறுத்திப்போட்டாங்கன்னு அர்த்தம். வாரத்துக்கு நாலு பேருக்கு என் கையாலயே குடுத்துட்டு இருக்கறேன்" என்றான். அவன் சொல்லச் சொல்ல எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் கோபம். ஜெயில் இல்லையே என்று நிம்மதி. அத்தனை பேர் சொல்லியும் கேட்காமல் அவ்வளவு தூரம் போய் இப்படி நின்றானே என்று கோபம். திரும்பி வருகிற பஸ்ஸில் உன்னிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று மனசுக்குள்ளேயே அடுக்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கேள்விகளை எல்லாம் இப்போது நினைத்தால் வாயைக் கழுவவேண்டும் போல இருக்கிறது.

திங்கட்கிழமையும் உட்கார முடியவில்லை. உனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த லட்சுமணசாமி வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் தலையணை மாதிரி ஒரு அகராதியை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். கைதியை விட்டாலும் டிஸ்சார்ஜாம், சிப்பாயைப் பட்டாளத்திலிருந்து அனுப்பினாலும் டிஸ்சார்ஜாம், ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியை வீட்டுக்கு அனுப்பினாலும் அதுதானாம், துப்பாக்கி வெடித்தாலும் அதுதான், புண்ணில் சீழ் வடிந்தாலும் அதுதான், நீ பார்க்கிற மின்சார வேலையில் பாட்டரி தீர்ந்துபோனாலும் அதுதானாம். கேட்கக் கேட்க எனக்கு வியர்த்துவிட்டது. இத்தனையையும் ஒரே வார்த்தையில் சொல்லுகிறவன் எப்படிங்க குடித்தனம் பண்ணுகிறான் என்று கேட்டேன். வாத்தியாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மூலத்தைப் பாருங்க கவுண்டரே, எல்லாம் ஒண்ணுதான். ரோமாபுரிக்காரங்க பேச்சுல கர்ருஸ்னா வண்டி. வண்டியில பாரம் ஏத்தறதுக்கு வந்த வார்த்தை பிரெஞ்சுக்காரங்க வாயில புகுந்து, இங்கிலீஷ்காரங்க கிட்ட வந்து சார்ஜ்னு ஆச்சு. ஏத்துன பாரத்தை இறக்குனா டிஸ்சார்ஜ். துப்பாக்கிக்குக் குண்டு பாரம், ஜெயிலுக்குக் கைதி பாரம், ஆஸ்பத்திரிக்கு நோயாளி பாரம். எதை இறக்குனாலும் டிஸ்சார்ஜ்தானுங்க" என்றார். முப்பது வருஷமாகப் பருத்தி வண்டி பூட்டுகிறவன் நான், பாரம் இறக்குவது எனக்குத் தெரியாதா. என் மகன் எந்தப் பாரம், யார் அவனை இறக்கிவிட்டார்கள், எங்கே இறக்கிவிட்டார்கள் என்றுதானே கேட்டேன். அவர் மேல் தப்பில்லை, நல்ல மனுஷன், மோர் கொடுத்தார், நான்தான் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் உன் ஆத்தா வாசலிலேயே நிற்கிறாள். "ஏனுங்க, லீவுன்னா எதுக்குங்க மூணு நாளா ஊர் ஊராப் போய்க் கேட்டுட்டு வாரீங்க?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. உள்ளே போய் உன் கடைசி இரண்டு கடிதங்களையும் பெட்டியிலிருந்து எடுத்து வந்து என் முன்னால் விரித்தாள். "இது அவன் எழுத்தில்லீங்க. அவன் எழுத்து தட்டைப்பயிறு கொடி மாதிரி மேல ஏறிட்டுப் போகும். இது எறும்பு மாதிரி நேராப் போவுது. வந்தன்னைக்கே சொன்னேன், எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு என்ன தெரியும்னு வெரட்டிப்போட்டீங்க" என்றாள். சொன்னது உண்மைதான், நான் விரட்டினேன். இரட்டை ஷிப்டு வேலை, அதனால் சிநேகிதனை விட்டு எழுதச் சொன்னேன் என்று அடியில் ஒரு வரி இருந்தது, அதை நம்பிவிட்டேன். "வார்த்தைக்கு அர்த்தம் தேடி இனி எங்கியும் போவேண்டாமுங்க. அவன்கூட ஒரே ரூம்புல இருக்கற பையன் ஊடு உக்கடத்துலதான? நாளைக்கு நானும் வாரேன்" என்றாள். செல்லாத்தாளுக்குத் துணைக்குப் பக்கத்துத் தோட்டத்து அம்மணியை வரச் சொல்லிவிட்டு நேற்றுக் காலையில் இரண்டு பேரும் கிளம்பினோம்.

உக்கடத்தில் அப்துல் வஹீது வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவன் அண்ணன் அங்கே தகரப் பட்டறை வைத்திருக்கிறார். நாங்கள் யார் என்று சொன்னதுமே அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார், அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவருக்கு என்னவோ தெரியும் என்று. உட்காருங்க, டீ சாப்பிடுங்க என்று சுற்றிச் சுற்றிப் பேசினார். அப்போது உள்ளேயிருந்து வஹீதின் தாயார், "பெத்தவங்க வந்து நிக்கறாங்க, இன்னும் என்னடா மறைக்கிறே, அந்தக் கடுதாசியை எடுத்துப் படி" என்று சத்தம் போட்டார்கள். அவர் அலமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். பிரிப்பதற்குள்ளேயே உன் ஆத்தா என் கையைப் பிடித்து, "அதே எறும்புதானுங்க" என்றாள்.

தம்பிதுரை, அவர் படித்ததை நான் திரும்ப எழுதப் போவதில்லை, உனக்குத் தெரியாதது அதில் ஒன்றுமில்லை. மெஷின் பெல்ட்டில் வலது கை சிக்கியது, மூன்று விரலை எடுத்துவிட்டது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நின்றது, நாற்பது நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தது, எழுந்து வந்தாலும் மில்லில் இனி இடமில்லை என்று சொல்லிவிட்டது. போஸ்ட்மாஸ்டர் சொன்னது மட்டும்தான் தப்பு. வெள்ளியங்கிரி சொன்னதும் சரி, அகராதியில் ஆஸ்பத்திரி என்று இருந்ததும் சரி. நாங்கள் ஒரு அர்த்தத்தைத் தேடி அலைந்தோம், உனக்கு இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது. அதையும் நான் தாங்கிக்கொண்டேன். அதற்கு அடுத்த வரியைத்தான் தாங்க முடியவில்லை. அவர் அதைப் படிக்காமல் தாண்டப் பார்த்தார், நான் விடவில்லை. ஊருக்கு எழுதட்டுமா என்று வஹீது கேட்டதற்கு, "வெறுங்கையோட வந்து என் முன்னால நிக்காதேன்னு அய்யன் போத்தனூர் ஸ்டேஷன்ல சொன்னார், இந்தக் கையை எடுத்துட்டுப் போய் எப்படி நிக்கிறது" என்று நீ சொன்னாயாம்.

கண்ணு, நான் அதைச் சொன்னேன். காட்டை விட்டுவிட்டுப் போகிறாயே என்ற ஆத்திரத்தில், ரயில் நகருகிற நேரத்தில் சொன்னேன். சொன்ன நாளிலிருந்து நான் அதை நினைத்ததுகூட இல்லை, மறந்தே போய்விட்டேன். நீ இரண்டு வருஷமாக அதைச் சுமந்திருக்கிறாய் என்று உக்கடத்தில் முன்பின் தெரியாதவர் வாயால் கேட்கவேண்டியதாகிவிட்டது. பஸ்ஸில் குறிச்சி தாண்டும்போது உன் ஆத்தா, "நீங்க சொன்னது எனக்குத் தெரியாதுங்களே" என்றாள். பெரியவன் சின்னவன் பார்க்காமல் உன்னிடம் சொல்லுகிறேன், அன்றைக்கு நான் பேசியது தப்பு.

இப்போது சமாச்சாரம் என்னவென்றால், நான் வெள்ளிக்கிழமை போத்தனூரில் ரயில் ஏறுகிறேன். அரக்கோணத்தில் பம்பாய் மெயிலுக்கு மாறவேண்டும் என்று வெள்ளியங்கிரி எழுதிக் கொடுத்திருக்கிறான். பரேல் விலாசத்தை வஹீதின் அண்ணன் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருக்கிறார். உன் ஆத்தாளும் வருகிறேன் என்றுதான் நின்றாள், செல்லாத்தாளுக்கு மாசம் நிறைந்துவிட்டது, எந்த நேரமும் வலி வரலாம், அதனால் மனசில்லாமல் நின்றுகொண்டாள். செல்லாத்தாளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, அவளுக்கு எழுதும்போது கவனம். இங்கே வந்து என்ன செய்வது என்று நீ யோசிப்பாய். அதை இப்போது யோசிக்காதே. ஒன்று மட்டும் சொல்கிறேன், நம்மைச் சுற்றி நாலு தோட்டத்தில் பைக்காராக் கரண்டு வந்து கிணற்றில் மோட்டார் வைத்துவிட்டார்கள். நின்றுபோனால் கோயமுத்தூரிலிருந்து ஆள் வர எட்டு நாள் ஆகிறது, பயிர் வாடுகிறது. திருகிக் கழற்ற எத்தனையோ கை இருக்கிறது, எதைத் திருகுவது என்று சொல்லத்தான் ஆளில்லை. அது உன் இஷ்டம், வேண்டாமென்றால் சும்மா இரு, சோறு இருக்கிறது. மதுக்கரை சிமிட்டி ஆலையிலும் மின்சார வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று மாமன் சொன்னான், அந்தத் தூசி உனக்கு வேண்டாம் என்பது என் எண்ணம்.

கையில் போட்டிருக்கிற கட்டு நனைய விடாதே. வஹீதை நான் வரும்வரை எங்கும் போகவேண்டாம் என்று சொல், அவன் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசவேண்டும். உனக்கு உண்மையை மறைக்க உதவினான் என்று அவன்மேல் கோபம்தான், ஆனாலும் நாற்பது நாள் உனக்குச் சோறு ஊட்டினவன் அவன். நான் வரக்கூடாது என்று நினைத்து வேறு இடத்துக்குப் போய்விடாதே சாமி, அதுதான் எனக்கு ராத்திரி பகல் பயமாக இருக்கிறது, இந்தக் கடிதம் எனக்கு முன்னால் உன்னிடம் வந்து சேருமா, நீ அறையில்தான் இருப்பாயா என்றே மனசு அடித்துக்கொள்கிறது. வேலாயுதசாமி உன்னைக் கட்டிக் காக்கட்டும். நீண்ட ஆயுசும் திடமும் உனக்கு உண்டாகட்டும். உன் ஆத்தாளின் ஆசீர்வாதம். அவள் எனக்கு ஒரு புத்தி சொல்லி அனுப்புகிறாள், அதையும் எழுதச் சொன்னாள்: "போனதும் கையைப் பார்த்து அழுதுபோடாதீங்க. மொதல்ல அவன் மொகத்தைப் பாருங்க."

ஸ்டேஷனுக்கு வரவேண்டாம். அந்த ஊர்ப் பேச்சு எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. உன் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அய்யன்,
பொங்கியண்ணன்.