சாட்சிக்கு நான் சொன்ன ஓகே

12 மார்ச் 1986, புதன்

நாற்பத்தாறு வயதில் சட்டத்தையும் வீடியோ தயாரிப்பையும் ஒரே பட்டமாகப் படிக்கச் சேர்ந்தவனுக்கு இது வேண்டும்தான். இன்று வகுப்பில் ஒத்திகை விசாரணை. பெரிய மார்க்கெட்டில் மீன் கூடை திருடிய வழக்கு. திருடனுக்கு வக்கீலும் நான், அதை வீடியோ எடுக்கும் டைரக்டரும் நான்.

எடுக்க எடுக்க உளறிக்கொண்டிருந்த சாட்சி, கடைசியில் "இந்த ஆளுதான் கூடையத் தூக்கினு ஓடுனான்" என்று அழகாகச் சொன்னான். நான் வக்கீல் என்பதை மறந்து, டைரக்டராக "ஓகே, பிரமாதம்" என்றுவிட்டேன்.

நீதிபதியாக உட்கார்ந்திருந்த சட்ட வாத்தியார் சிரிக்கவே இல்லை. "திருடன் பக்கத்து வக்கீலே ஒத்துக்கினாரு, எழுதிக்குங்க" என்றார். என் கட்சிக்காரன் உள்ளே போய்விட்டான்.

அதோடு விட்டதா? "அந்த ஓகேவ வெட்டிட்டுக் குடுய்யா, இல்லன்னா எடிட்டிங்ல பெயிலு" என்கிறார் வீடியோ வாத்தியார். "வெட்டுனா சாட்சியத்தத் திருத்துனதா ஆயிடும், சட்டத்துல பெயிலு" என்கிறார் சட்ட வாத்தியார். நாளைக்கு இருவருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதோ ஒரே கேசட். இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசியே வருஷமாகிறது. காரணம் கல்லூரிக்கே தெரியும், நான் எழுத மாட்டேன். எதில் பெயிலானாலும் இந்த வருஷத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். தெருவோ என்னை இப்போதே வக்கீலய்யா என்கிறது. எல்லாம் என் மனைவி சரோஜாவின் பிரசாரம்.

"நாளைக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள்.

"காய்ச்சல்னு படுத்துக்கப் போறேன்."

"படுத்துக்குங்க. யாராவது வந்து கேட்டா நான் சாட்சி சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.