குரலா, பேச்சா

செப்டம்பர் 12, வெள்ளி

என் மனைவி லெபாவின் கண் கேமரா செத்துவிட்டது. காலையில் "காபி எங்க கிழவா" என்று கேட்க ஆரம்பித்தாள், முதல் எழுத்தோடு நின்றது. இரண்டு வருடமாக நோயில் படுத்த அவள் உடம்பில் அசைவது கண் மட்டும்தான். திரையில் எழுத்துகளைப் பார்ப்பாள், கேமரா பிடித்துக்கொள்ளும், கணினி அதை அவள் குரலிலேயே சொல்லும். தொண்டை போவதற்கு முன் ஆறு வாரம் உட்கார்ந்து பதிந்த குரல்.

செப்டம்பர் 15, திங்கள்

கணினி பழுது பார்க்கும் க்வொஸ்தென் புதுக் கேமராவோடு வந்தான். வேலை செய்யவில்லை.

"இயங்குதளம் பழசு, ரதோயே மாமா. அப்கிரேட் பண்ணாத்தான் கேமரா ஓடும்."

"பண்ணு."

"பண்ணா அத்தையோட குரல் போயிடும். அந்தக் குரல் மென்பொருள் பழசுல மட்டும்தான் ஓடும். செஞ்சவங்க கடையை மூடிட்டுப் போயிட்டாங்க. ஒருதடவை அழிஞ்சா மறுபடி ஏத்த முடியாது."

வேறு கணினி வாங்கினால்? அதிலும் புது இயங்குதளம்தான் வரும், வாங்கப் பணமும் இல்லை. பழைய கேமரா எங்காவது கிடைக்குமா? எங்கள் ஊர் கிகிண்டா முழுக்கக் கேட்டுவிட்டானாம், பெல்கிரேடிலும் இல்லையாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

பழையதை வைத்துக்கொண்டால் குரல் இருக்கும், அவளால் பேச முடியாது. புதியதைப் போட்டால் பேசுவாள், ஆனால் யாரோ ஒருத்தியின் குரலில். இதில் எதை என்று நான் எப்படி முடிவு செய்வது?

செப்டம்பர் 17, புதன்

அவள் முன்பே எழுதிச் சேமித்த வாக்கியங்கள் கணினியில் இருக்கின்றன. மவுஸால் அழுத்தினால் வரும். "நல்லா தூங்கு, கிழவா." நான்தான் அழுத்துகிறேன். நான்தான் கேட்கிறேன். இன்று பதினொரு தடவை.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று கேட்டுவிட்டேன். "பழசையே வச்சுக்கலாமா லெபா? உன் குரல் போகாம இருக்குமே?" பதிலுக்கு நிற்கவில்லை. குடைமிளகாய் வாங்கப் போகிறேன் என்று சந்தைக்கு ஓடிவிட்டேன். கோழை.

நர்ஸ் ஸ்லவோய்கா செவ்வாயும் வெள்ளியும் வருவாள். லெபா பாடம் நடத்திய பள்ளியிலிருந்து ஒன்றாம் வகுப்பு எழுத்து அட்டையை வாங்கி வந்திருக்கிறாள். ஸ்லவோய்கா ஒவ்வொரு எழுத்தாக விரலை வைக்க வேண்டும், சரியான எழுத்தில் லெபா இமைக்க வேண்டும். நான் திரும்பியபோது ஸ்லவோய்கா கிளம்பிவிட்டிருந்தாள். மேசையில் ஒரு துண்டுக் காகிதம், அதில் நான்கு எழுத்து: HEHE. நாலு எழுத்துக்கே லெபாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து தலையணை நனைந்திருந்தது.

ஹே ஹே. சிரித்திருக்கிறாள்! இதெல்லாம் ஒரு கேள்வியா என்று என்னைக் கிண்டல் செய்கிறாள். மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. பழையதே இருக்கட்டும்.

செப்டம்பர் 20, சனி

அட்டையை அலமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். அந்தக் கண்ணை இனி வதைக்க வேண்டாம் என்று ஸ்லவோய்காவிடமும் ஃபோனில் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 27, சனி

நான் அறைக்குள் போனால் கண்ணை மூடிக்கொள்கிறாள். தூங்கவில்லை, எனக்குத் தெரியும். நோய் கண்ணுக்கும் வந்துவிட்டதா?

அக்டோபர் 3, வெள்ளி

பட்டனை அழுத்தினேன். "நல்லா தூங்கு, கிழவா." கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கன்னம் நனைந்திருந்தது. என்ன பண்றதுன்னே தெரியல. நாற்பத்தோரு வருஷம் கூட இருந்தவ. கட்டில்ல என் எதிர்ல கிடக்கா, என்னைப் பார்க்க மாட்டேங்கிறா. நான் என்னடி பண்ணேன்? சொல்லேன். எப்படிச் சொல்லுவா... கடவுளே, எப்படிச் சொல்லுவா.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்திலிருந்து மகள் நெவென்கா பேசினாள். "அம்மா எப்படிப்பா இருக்காங்க?" என்றாள். நன்றாகத்தான் இருக்கிறாள், போன மாதம் சிரித்தாள்கூட என்று அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அப்பா, அம்மா வாழ்க்கையில என்னைக்காவது லத்தீன் எழுத்துல எழுதுறதைப் பார்த்திருக்கீங்களா?"

எங்கள் செர்பிய மொழிக்கு இரண்டு எழுத்து, லத்தீனும் சிரிலிக்கும். நான் தொழிற்சாலையில் வரைபடம் போட்டவன், லத்தீன் எழுத்துக்காரன். அவள் முப்பது வருடம் செர்பிய மொழி நடத்தியவள். கடைக்கு எழுதும் சீட்டுகூட சிரிலிக்கில்தான். அட்டையும் சிரிலிக் அட்டை. H என்ற அதே வடிவம் என் எழுத்தில் 'ஹ', அவள் எழுத்தில் 'ந'.

நே நே. வேண்டாம், வேண்டாம்.

"ரெண்டு தடவை சொல்லியிருக்காங்கப்பா," என்றாள் நெவென்கா. அழுகிறாள் என்று தெரிந்தது.

பதினாறு நாள். நான் அவளை ஊமையாக்கி வைத்துவிட்டு அவள் குரலை அழுத்தி அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்டோபர் 6, திங்கள்

க்வொஸ்தென் ஏழரைக்கே வந்தான். தொடங்குவதற்கு முன் "கடைசியா ஒருதடவை கேட்டுக்கிறீங்களா மாமா?" என்றான். லெபாவைப் பார்த்தேன். வேண்டாம் என்றேன்.

மூன்று மணி நேரம் ஆனது. குரல் போய்விட்டது. கேமரா அவள் கண்ணைப் பிடித்துக்கொண்டது. முதல் வாக்கியம், ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவளைப் போன்ற ஒரு குரலில்:

"இடது குதிகால். எரியுது."

காலுறையைக் கழற்றினேன். தோல் உரிந்து சிவந்த புண். ஃபோன் செய்ததும் ஸ்லவோய்கா ஓடி வந்தாள். "ரெண்டு வாரத்துப் புண்ணு இது, மாமா. காலுறைக்குள்ள நானும் பார்க்காம விட்டுட்டேன்," என்றாள்.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அக்டோபர் 10, வெள்ளி

புண் காய ஆரம்பித்திருக்கிறது. இன்றுதான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. உன் குரலை விட மனசு வரவில்லை என்றும் சொன்னேன். அவள் கண்கள் திரையில் வெகுநேரம் அலைந்தன. பிறகு அந்த ரயில்காரி பேசினாள்.

"உனக்குக் குரல் வேணும்னா ரேடியோவைப் போடு. எனக்குப் பேசணும்."

அப்புறம் ஒரு மணி நேரம் என்னைத் திட்டினாள். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன்.