பத்தாவது கையெழுத்து

3 மார்ச், செவ்வாய்

பத்தாவது கையெழுத்தும் கிடைத்துவிட்டது. மூளைக்கட்டியின் கடுமையை நான்கு கிரேடாகப் பிரிக்கிறார்கள். எங்கள் ஆய்வுக்குக் கிரேடுக்குப் பத்துப் பேர் வேண்டும்; மூன்றில் மட்டும் ஒருவர் குறைந்திருந்தது. சிடாம் கிரி தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை வெட்டும் சின்னையாவுக்கு ஆபரேஷனில் எடுத்த கட்டி அந்த வகை. அவருக்குப் பேச்சு இன்னும் தெளியவில்லை. ஆய்வுக்கான சம்மதப் படிவத்தை வாங்கியது மனைவி பிரேமாவதி. மலாயில் நான்கு பக்கம்.

"இதுல கையெழுத்து போட்டா அவருக்கு ஏத்த மருந்து தெரியுமா டாக்டர்?"

"உதவும்கா" என்றேன்.

யாருக்கு என்று சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லை, ஆய்வு உதவியாளர் என்பதையும் சொல்லவில்லை.

17 மார்ச், செவ்வாய்

சின்னையாவின் கட்டித் துண்டுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தேன். செல்லுக்குப் 'பெருகு' என்று செய்தி கொண்டுபோகும் புரதம் இருந்தால் பழுப்பாகத் தெரியும். கிரேட் இரண்டில் அங்கங்கே பழுப்பு; நான்கில் ஸ்லைடு கண்ணாடி முழுக்க. இவருடையது நடுவில், நான் நினைத்த அதே இடத்தில். சந்தோஷமாக இருந்தது. ஒரு மனிதரின் தலைக்குள் இருந்ததைப் பார்த்துச் சந்தோஷம்!

1 ஏப்ரல், புதன்

பிரேமாவதி அக்கா போன் செய்தார்.

"ரிசல்ட் வந்துச்சா டாக்டர்? அது தெரிஞ்சப்புறம் கரண்டு வச்சுக்கலாம்னு பினாங்குக்குப் போகல."

கரண்டு என்று அவர் சொல்வது கதிர்ச் சிகிச்சை; பினாங்கில் அதற்குக் கொடுத்த தேதி தாண்டி ஒன்பது நாள். எதற்காகக் காத்திருக்கிறார்கள்? என் அட்டவணையில் ஒரு எண்ணுக்காக. அதில் அவர் பெயர்கூட இல்லை.

அப்போதாவது சொன்னேனா? "பாத்து சொல்றேன்கா." சீ, என்ன ஜென்மம் நான்.

2 ஏப்ரல், வியாழன்

ஆய்வுத் தலைவர் டாக்டர் புவனேசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. உடனே பினாங்குக்குப் பேசி 13ஆம் தேதிக்கு இடம் வாங்கினார். இனி நோயாளிகளிடம் கையெழுத்து வாங்க நான் போகக் கூடாது. பிறகு, "அவங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு நளினி" என்றார்.

4 ஏப்ரல், சனி

அவர்கள் வீட்டுக்குப் போனேன். சின்னையா அண்ணன் இடது கையால் மைலோ குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பரிசோதனை ஆய்வுக்கு மட்டும்தான், அவர் மருந்தை அது மாற்றாது, நான் டாக்டரும் இல்லை என்று சொன்னேன்.

அண்ணன் கஷ்டப்பட்டுக் கேட்டார். "எத்தன… நாளு… போச்சு?"

"பன்னெண்டு."

அக்கா அவர் கையிலிருந்த குவளையை வாங்கி வைத்தார். பிறகு சொன்னார்: "வேற ஆளுங்களுக்கு உதவும்னு சொல்லியிருந்தாலும் நான் போட்டிருப்பேன்லா."

அடித்திருக்கலாம் என்னை.

9 ஏப்ரல், வியாழன்

அவர்கள் ஆய்விலிருந்து விலகி, கட்டித் துண்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கிரேட் மூன்று: ஒன்பது.

26 ஏப்ரல், ஞாயிறு

அண்ணனுக்குப் பத்து முறை கதிர் வைத்தாகிவிட்டது. இன்று எங்கள் மருத்துவமனைக்கு ரத்தப் பரிசோதனைக்கு வந்திருந்தார்கள். எழுந்து நின்றேன். அக்கா தலையசைத்தார். கையில் ஏதோ படிவம். என்னைத் தாண்டிப் போய் மலாய் நர்ஸிடம் நீட்டி, தெரிந்த மலாயில், ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து அர்த்தம் கேட்டார். கடைசி வரி முடியும்வரை பேனாவைத் தொடவில்லை.